உள்ளங்கையில் கறுப்பு பீர்

என் கணவருக்கு நான் எதைச் சமைத்து வைத்தாலும் சூப்பர்தான். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வாரம் அதைக் கேட்க எனக்குப் பூரிப்பாக இருந்தது. இரண்டாவது மாதம் ஒருநாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்துபோனேன். அவர் சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு, "ரசம் சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உப்பில்லாததுகூடவா ஒரு மனிதருக்குத் தெரியாது என்று அன்றைக்குக் கோபமாக வந்தது. போகப் போக அந்தக் கோபம் வேறு மாதிரி ஆயிற்று. இவர் என் சமையலையும் ருசிப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை, வாயில் தயாராக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார், அதை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். பொள்ளாச்சியில் அப்பா காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருந்தார். இருபத்தைந்து வருடம் அந்தப் புகையிலேயே நின்று அவருக்கு மூக்கு மரத்துப்போயிருந்தது. அதனால் நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதிருந்தே, பள்ளிக்கூடம் போகுமுன் கடையில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். உருளை சுற்றும், கொட்டை வெடிக்கத் தொடங்கும், நான் மோந்து பார்த்து "போதும்" என்று சொன்னதும் அவர் அடுப்பை அணைப்பார். அரை நிமிடம் தவறினால் கருகல். பிறகு காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தேன், கல்யாணம் ஆயிற்று, எச் ஃபோர் விசாவில் விமானம் ஏறினேன். அந்த விசாவில் வந்த மனைவி வேலைக்குப் போகக்கூடாது. இத்தனை பெரிய மூக்கை வைத்துக்கொண்டு வெஸ்ட் வின்ட்சரில் ஓர் இரண்டாம் மாடி அபார்ட்மென்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டில் என்ன வேகிறது, அதில் என்ன குறைகிறது என்றெல்லாம் என்னால் சொல்ல முடியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கறுப்பு பீர் எங்கள் வீட்டுக்கு வந்தது ரயில் சிநேகிதத்தால். என் கணவர் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஒரே பெட்டியில் ஏறும் தமிழர்கள் நான்கு பேர். இவர் ஈரோடு, மற்ற மூவரும் நாகர்கோவில், சேலம், மதுரை. குளிர்காலத்தில் வெளுத்த பீர் குடிப்பவனுக்கு ரசனை இல்லை என்று நாகர்கோவில்காரர் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து ரயிலில் பிரசங்கம் செய்திருக்கிறார். நவம்பர் பிறந்ததும் கடைகளில் கறுப்பு பீர்கள் வந்து இறங்கும். போர்ட்டர், ஸ்டவுட், ஓட்ஸ் போட்டது, பால் சர்க்கரை போட்டது, புகை காட்டியது என்று அதில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடி, ஆறு வகை வாங்கி, எது எதென்று தெரியாமல் குடித்துப் பார்த்து மார்க் போடுவது என்று முடிவாயிற்று.

கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவது அவர்கள் செய்த ஏற்பாடு. அமெரிக்காவில் வேறு எவனுக்கும் இது தோன்றியிருக்காது என்று சேலத்துக்காரர் பெருமைப்பட்டுக்கொள்வார், அது உண்மையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் என் கல்யாணச் சீராக வந்த டம்ளர்கள் பத்து இருந்தன. ஒன்பதில் என் பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். ஒன்றில் மட்டும் என் பெரியம்மா பேர். ஊரில் பெட்டி கட்டும்போது யாரோ அவசரத்தில் அதையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். டம்ளர் இருக்கும் வீடு என்பதால் எங்கள் வீடே நிரந்தரமான இடமாகிவிட்டது. கடலை வறுப்பதும் முறுக்குச் சுடுவதும் என் தலையில் விழுந்தன.

எது எதென்று மறைத்து ஊற்றுவதற்குக் குடிக்காத ஓர் ஆள் வேண்டும். முதல் வருடம் அதை மதுரைக்காரர் செய்தார், அவருக்கு வயிற்றில் அல்சர். அடுத்த வருடம், தொண்ணூற்றெட்டில், கார்த்திகை பிறந்ததும் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். கோட்டுக்குள்ளே கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசிமணி, காலில் வேறு வழியில்லாமல் ஷூ, அதே ஏழரை மணி ரயில். குடிக்கிற வீட்டு வாசல்படியைக்கூட மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கறுப்பு பீர் இறங்கும் மாதமும் மாலை போடும் மாதமும் ஒன்றாக வந்து தொலைந்ததில் மற்ற மூவருக்கும் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் என் கணவருக்கு என் ஞாபகம் வந்தது.

"நீ ஊத்திக் குடுத்துரு. நீதான் குடிக்க மாட்ட, உன்னய நம்பலாம்" என்றார்.

அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதா, வசவாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் சரி என்றேன்.

முதல் சனிக்கிழமை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாட்டிலைத் திறந்தேன். பீர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் சித்தப்பாக்கள் மேல் அடிக்கும் ஒரு புளித்த வாடை. அதை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சை விட்டதும் வந்தது வறுவல் வாசனை. அப்படியே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தால் வறுத்த பார்லி என்று போட்டிருந்தது. யாரோ எங்கேயோ ஓர் உருளையில் பார்லியைப் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள், யாரோ பக்கத்தில் நின்று போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பாட்டிலில் அந்த ஆள் சரியான நேரத்தில் சொல்லியிருந்தான். மூன்றாவதில் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், தானியம் கருகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒன்று என் எதிரே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

வெளியே கூடத்தில் மூவரும் டம்ளரைச் சுழற்றிச் சுழற்றி மோந்து பார்த்து, சாக்லேட், காபி, தோல், புகையிலை என்று பத்திரிகையில் படித்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கருகினதுக்கு நாகர்கோவில்காரர் பத்துக்கு ஒன்பது கொடுத்தார். என் கணவர் ஆறுக்குமே எட்டு மார்க் போட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள், இவருக்குக் கறுத்ததெல்லாமும் பால்.

முதல் நாள் வெறும் மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். டிசம்பர் மாதம் மனசு கேட்கவில்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் உப்புப் பார்க்கும்போது கரண்டியிலிருந்து நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்போம் அல்லவா, அதே மாதிரி கையைக் குழித்து நாலு சொட்டு விட்டேன். இது குடிப்பதா என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. ரசத்துக்கு உப்புப் பார்த்தவளை யாரும் ரசம் குடித்தாள் என்று சொல்வதில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு நக்கினேன். முதலில் கசப்பு, அடியில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு. இந்தியன் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் அக்டோபர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஒன்று, வறுவல் சரி, இனிப்பு தூக்கல். இரண்டு, ஓட்ஸ் போட்டதால் கஞ்சி மாதிரி வழவழப்பு. மூன்று, புகை அதிகம், சுட்ட சோளக்கதிரில் கருகின பக்கம். அந்தத் தாளை மடித்துத் துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அங்கே என் கணவர் கை வைக்க மாட்டார்.

பாட்டில்களை அவர்கள் பால்கனியில் பனிக்குள் சொருகி வைத்திருப்பார்கள். அந்தக் குளிரோடு ஊற்றினால் வாசனை எழும்பாது என்பது எனக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஆறிப்போன டிகாக்‌ஷன் மாதிரி வெறும் கசப்புதான் நிற்கும். ஜனவரியில் அவர்களுக்குச் சொல்லாமலே முக்கால் மணி நேரம் முன்னதாக எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு மூன்று பேரும் தங்கள் நாக்கு பழகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். மாலையைக் கழற்றிவிட்டு மதுரைக்காரர் திரும்பி வரத் தயாராக இருந்தபோதும், சிஸ்டரே ஊற்றட்டும், அவங்க கை ராசி என்றார் சேலத்துக்காரர். மதுரைக்காரருக்கு அதனால் வருத்தமில்லை, சனிக்கிழமை மத்தியானம் தூங்கலாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் வந்தது சோதனை.

என் கணவரின் மேனேஜர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர். வீட்டு நிலவறையில், பார்லியைக்கூடத் தானே வறுத்து, சொந்தமாக பீர் காய்ச்சுகிறவர். ஆபீஸில் பேச்சுவாக்கில் இந்த டம்ளர் கதையைக் கேட்டுவிட்டு, நானும் வரலாமா, நான் காய்ச்சிய ஸ்டவுட் ஒன்று கொண்டுவருகிறேன், கடை பாட்டில்களோடு கலந்து ஊற்றுங்கள், எது என்னுடையது என்று எனக்கே சொல்லக்கூடாது என்றாராம். என் கணவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவர் கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. அதை நீட்டிப்பது அந்த மேனேஜர் கையில் இருந்தது. நீட்டித்தால் எங்களைக் கூட்டி வந்த கம்பெனி கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும். இல்லாவிட்டால் வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கிரீன் கார்டு வந்தால் நானும் வேலைக்குப் போகலாம். அதனால் அந்தக் கவலையில் பாதி என்னுடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அடுப்படிக்கு வந்து, டம்ளர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பெரியம்மா பேர் வெட்டியதைத் தனியே எடுத்து வைத்தார்.

"எல்லா ரவுண்டுலயும் எனக்கு உன் பேரு போட்ட டம்ளர்ல குடு. அவரோடத ஊத்தற ரவுண்டுல மட்டும் பெரியம்மா டம்ளர். நான் புரிஞ்சுக்கறேன். மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

பெரியம்மாவை இந்தத் திருட்டில் இழுக்க வேண்டுமா என்று கேட்டேன். இது திருட்டு இல்லை, மரியாதை என்றார். வாதாட எனக்கும் தெம்பில்லை. கிரீன் கார்டு என்ற வார்த்தை அந்த நாட்களில் எங்கள் வீட்டில் விளக்கேற்றாத குறையாக உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். வாசலிலேயே குனிந்து ஷூவைக் கழற்றினார், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. கையில் லேபிள் இல்லாத ஒரு பெரிய பழுப்பு பாட்டில். என்னிடம் கொடுத்து, ஐந்து மாதம் முன்னால் காய்ச்சியது, இன்னும் நானே திறந்து பார்க்கவில்லை என்று கூச்சத்தோடு சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதல் மூன்று ரவுண்டும் நன்றாகப் போயின. மேனேஜர் அதிகம் பேசவில்லை, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான்காவதாக அவருடைய பாட்டிலைத் திறந்தேன். மூடி கழன்றதுதான் தாமதம், பொங்கின பால் மாதிரி நுரை வழிந்து மேடையெல்லாம் ஓடியது. மோந்து பார்த்தேன். கோடையில் மூன்றாம் நாள் இட்லி மாவு. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை, புளித்துக் கெட்டுப்போயிருந்தது. ஆனால் அந்தப் புளிப்புக்குக் கீழே வறுவல் அருமையாக இருந்தது. அன்றைக்குத் திறந்த எதிலும் அப்படியொரு வறுவல் இல்லை. மனுஷன் சரியான நிமிடத்தில் அடுப்பை அணைத்திருக்கிறார், அப்புறம் எங்கேயோ பாத்திரம் சரியாகக் கழுவவில்லை.

கதவைத் திறந்து என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வேகமாக வந்தார்.

"இது கெட்டுப்போச்சுங்க. மோந்து பாருங்க" என்றேன்.

அவர் மோந்து பார்க்கவில்லை. கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே, வீட்டில் செய்தால் அப்படித்தான் இருக்கும், நீ ஊற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஊற்றினேன். பெரியம்மா டம்ளரை அவர் பக்கம் வருமாறு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வேலை அவ்வளவுதான் என்று அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

மேனேஜர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் அவர் முகம் மாறியது. ஒரு வாய் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தான் பெற்ற பிள்ளையை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது. அதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிட்டார். இன்றைக்குக் குடித்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்றார். நாகர்கோவில்காரர் சாக்லேட் தெரிகிறது என்றார். சேலத்துக்காரர் தயங்கிவிட்டு, தோல் என்றார். மேனேஜர் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாகத்தான், பத்துக்குப் பத்து என்றார் என் கணவர். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னை இவர்கள் என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

அவர் நிமிர்ந்தபோது வாசலில் நின்ற என் முகம் கண்ணில் பட்டது. என் முகத்துக்குப் பொய் சொல்ல வராது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மார்ச் மாதம் இருந்தது, கிரீன் கார்டு இருந்தது, என் வேலையும் இருந்தது. சூப்பர் என்ற ஒரு வார்த்தை போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்க எனக்கு உப்பில்லாத ரசத்தின் முன் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவருக்கு ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"புளித்துவிட்டது சார்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "வறுவல் மிக நன்றாக இருக்கிறது, இன்றைக்கு வந்ததிலேயே இதுதான் நல்ல வறுவல். அதற்குப் பிறகு ஏதோ உள்ளே போய்விட்டது."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என் கணவர் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தார். வறுவல் எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்பா கடையைச் சொன்னேன். துவரம்பருப்பு டப்பாவைத் தூக்கிக் காலண்டர் தாளை எடுத்துக் காட்டி, தமிழில் எழுதியிருந்ததை அவருக்கு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். எவ்வளவு குடித்து இதைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் கையைக் குழித்து நாலு சொட்டு விட்டுக் காட்டினேன். அவரும் தன் பெரிய உள்ளங்கையைக் குழித்து நீட்டினார், விட்டேன், நக்கினார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம், வறுவல் சரியாகத்தான் வந்திருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் தெளிந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது அடுப்படி வாசலில் என் கணவர் நின்றிருந்தார், கையில் பெரியம்மா டம்ளரோடு.

ஐந்து மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் டம்ளர்களைக் கழுவினேன். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"எத்தன நாளா இது?" என்றார்.

"டிசம்பர்லருந்து."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலியா?"

அதுவரை எனக்குள்ளும் பயம்தான் இருந்தது. அந்தக் கேள்வியில் பயம் போய், மூன்று வருடமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? சூப்பர்னு சொல்லியிருப்பீங்க. உப்புப் போடாத ரசமும் சூப்பரு, கெட்டுப்போன பீரும் சூப்பரு. அப்ப எனக்குன்னு நீங்க சொன்னது என்னதானுங்க?"

அவர் கையிலிருந்த டம்ளரில் பெரியம்மா பேரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"உப்பில்லாதது தெரிஞ்சுது" என்றார்.

குழாயை நிறுத்தினேன்.

"எங்கப்பாவுக்கு உப்பு ஒரு கல்லு கொறஞ்சாப் போதும், தட்டு செவுத்துல போயி விழுகும். எங்கம்மா உக்காந்து அத வழிச்செடுக்கும். அதப் பாத்துட்டேதான் வளந்தேன். எனக்கு வர்றவ வெக்கற சோத்துல ஒரு சொல்லு குத்தம் சொல்ல மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

மாமனாரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நெற்றி நிறையத் திருநீறு, சாந்தமான முகம். மாமியார் இன்றைக்கும் சாப்பாடு பரிமாறிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நிற்பார், அது மரியாதைக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக நான் அலட்சியம் என்று நினைத்து வெறுத்த ஒரு வார்த்தை இந்த மனிதர் சின்ன வயதில் செய்துகொண்ட சத்தியமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். தட்டை வீசாமல் இருப்பதற்கும் வாயைத் திறந்து உண்மை சொல்வதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது, அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை.

நான் பீரை ருசி பார்த்த விஷயம் ஊருக்குள் போகாமல் இருக்குமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு ஆன்ட்டி, என்ன இந்த வாரம் ஸ்பெஷல் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இன்னொருவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவர் பேச்சு எனக்கு அப்படியொன்றும் அத்தியாவசியமாக இருக்கவில்லை. என் கணவர் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். சூப்பரும் இல்லை, வேறெதுவும் இல்லை. அந்த மூன்று வாரம் எங்கள் இருவருக்குமே கஷ்டமாகத்தான் இருந்தது.

மார்ச் நடுவில் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்ததும், ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்லி ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அவருடைய மஃப்ளரில் சுற்றி இரண்டு பழுப்பு பாட்டில்கள். மேனேஜர் புதிதாகக் காய்ச்சியது, எனக்கு என்று கொடுத்தனுப்பினாராம். மரியாதைக்காக எதையும் எழுத வேண்டாம், குறை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்றாராம். கான்ட்ராக்டை ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். அதில் பீருக்குப் பங்கில்லை. இரண்டாயிரம் பிறக்குமுன் கம்ப்யூட்டர்களையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வருடம் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் தவித்த தவிப்பெல்லாம் அனாவசியம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டிலை முக்கால் மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்தேன். அவர் இரண்டு டம்ளரை எடுத்து வந்தார். தனக்குப் பெரியம்மா டம்ளர், எனக்கு என் பேர் போட்டது. எனக்கு டம்ளர் வேண்டாம் என்று கையைக் குழித்துக் காட்டினேன். நான் நாலு சொட்டு, அவர் அரை டம்ளர். வெளியே பனி உருகி பால்கனிக் கம்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குடித்துவிட்டு வாயைத் திறந்தார், வழக்கமான வார்த்தை உதட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். மூடிக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார். கருகல் ஒரு துளி ஜாஸ்தி என்றார்.

அது சுத்தத் தப்பு. வறுவல் இன்னும் அரை நிமிடம் போயிருக்க வேண்டும் என்பதுதான் சரி. இல்லீங்க என்றேன். இல்லை, எனக்குக் கருகல்தான் தெரிகிறது என்றார். இருட்டும்வரை அந்த அரை நிமிடத்தைப் பற்றி நாங்கள் சண்டை போட்டோம். அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கடைசியில் மேனேஜருக்கு எழுதிய தாளில் இரண்டு பேர் அபிப்பிராயத்தையும் தனித்தனியாகப் போட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் ரசம் வைத்தேன். அவர் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார். தட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டார், அது எங்காவது பறந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி.

"உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்றார்.

கம்மிதான். நான் வேண்டுமென்றே குறைத்திருந்தேன். எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.